குஸ்மிச்சை வழியனுப்ப உட்கார்ந்தோம்

"ஒரே ஆளை எத்தனை தடவைடீ வழியனுப்புவீங்க?"

ஃபைனா அத்தை இதை என்னிடம்தான் கேட்டார். துவைக்கும் அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. அவர் தோளில் சுருட்டிய கம்பளம் ஒன்று இருந்தது. மூன்றாவது கம்பளம். முதல் இரண்டைப் போலவே சிவப்பு, நடுவில் அதே மான், மானின் முகத்தில் அதே அசட்டுச் சிரிப்பு.

எனக்குப் பதில் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வாய்தான் வராது. ஏழாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நிறுத்திக் கவிதை ஒப்பிக்கச் சொன்னார்கள். மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. கிளப்பில் துணி துவைக்கும் க்லாஷா அத்தை என்னை விளையாட்டரங்கத்துக்கு அழைத்து வந்து சேற்றுச் சட்டைகளின் முன்னால் உட்கார வைத்தார். சட்டைகள் யாரையும் ஒப்பிக்கச் சொல்வதில்லை.

ஆகவே நான் வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டு, இல்லாத காலுறை ஒன்றைத் தேடினேன்.

"தலைய வெளிய எடு ஸீமா, உன்னக் கேக்கல. சாமியைக் கேட்டேன்" என்றார் ஃபைனா அத்தை. "இந்தா, இத எங்கயாவது விரிச்சுக்க. வீட்டுல ஏற்கெனவே ரெண்டு மான் நிக்குது."

கம்பளத்தைப் போட்டுவிட்டுப் போனார். வாஷிங் மெஷினுக்கு அடியில் விரித்தேன். மெஷின் சுற்றும்போதெல்லாம் மான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

அந்த ஒரே ஆள் குஸ்மிச். ஃபைனா அத்தையின் கணவர், எங்கள் ஊர் கமிஷோவோவின் கோல்கீப்பர். ஸவேலி குஸ்மிச் என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் வங்கியில் மட்டும்தான் உண்டு. 'யாக்கோர்' என்ற கப்பல் பட்டறை அணிக்கு மீசை சரியாக முளைக்காத வயதில் ஆட வந்தவர். அதன்பிறகு பயிற்சியாளர்கள் மாறினார்கள், லீக்கின் பெயர் மாறியது, நாட்டின் பெயரே மாறியது. கோலுக்கு முன்னால் நின்ற ஆள் மட்டும் மாறவில்லை. அணியின் பையன்கள் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். அவரும் பேரன்களைத் திட்டுவது போலவே அவர்களைத் திட்டுவார். அவர் திட்டினால் வோல்காவின் மறுகரையில் மேயும் மாடுகள் நிமிர்ந்து பார்க்கும்.

ஆட்டம் நடக்கும் நாளில் சவரம் செய்ய மாட்டார். இடது கம்பத்தை மாட்டைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டி, தோளுக்குப் பின்னால் மூன்றுமுறை துப்புவார். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது வறுக்காத சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே இருப்பார். தவறி விழுந்த விதைகள் முளைத்து, ஒவ்வொரு கோடையிலும் வலைக்குப் பின்னால் சூரியகாந்திப் பூக்கள் வரிசையாக நின்று ஆட்டம் பார்க்கும். வெளியூர் அணிக்காரர்கள் அதைக் கண்டு முதலில் சிரிப்பார்கள். பிறகு கோல் போட முடியாமல் பூவின்மேல் கோபப்படுவார்கள்.

தலையில் எப்போதும் ஒரு சாம்பல் நிறத் தொப்பி. அது இல்லாமல் அவரைப் பார்த்தவர் ஃபைனா அத்தை ஒருவர்தான் என்பார்கள்.

ஃபைனா அத்தை தெற்கே அஸோவ் கடற்கரைக்காரர். அங்கே அவருடைய அம்மாவின் வீடு இருக்கிறது, வீட்டைச் சுற்றி ஏப்ரிகாட் மரங்கள். கல்யாணத்தன்று குஸ்மிச், "முப்பத்தஞ்சு வயசோட சரி, அப்புறம் உங்க ஊருதான்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாராம். முப்பத்தைந்து வந்தது, போனது. முப்பத்தெட்டில்தான் முதல் வழியனுப்பு விழா நடந்தது. அதற்கு முந்தைய வாரமே ஃபைனா அத்தை வீட்டுச் சாமான்களைப் பெட்டிகளில் கட்டிவிட்டார். அந்தப் பெட்டிகள் பிறகு பிரிக்கப்படவே இல்லை. ஒரே ஒரு பானை, இரண்டு கரண்டிகள் மட்டும் வெளியே இருந்தன. கோப்பைகள் எந்தப் பெட்டியில் போயின என்று தெரியாததால், மாநிலத்தின் சிறந்த கோல்கீப்பருக்கான வெள்ளிக் கிண்ணத்தில் மாற்றி மாற்றித் தேநீர் குடித்தார்கள். ஒருநாள் நான் சட்டை கொடுக்கப் போனபோது எனக்கும் அதில்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். கிண்ணத்தின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

முதல் விழாவுக்குத் தீயணைப்புப் படையின் பாண்டு வாத்தியம் வந்தது. கிளப்பின் தலைவர் அர்க்காதி ல்வோவிச் மைக்கைப் பிடித்து அழுதார். கம்பள ஆலைக்காரர்கள் கம்பளம் கொடுத்தார்கள். பையன்கள் குஸ்மிச்சைத் தூக்கி வானத்தில் எறிந்து எறிந்து பிடித்தார்கள். ஊரே அழுது முடித்து வீட்டுக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை அவருடைய இடத்தில் நிற்க வேண்டிய ரோதியோன், மீன் டப்பாவைத் திறக்கும்போது விரலை வெட்டிக்கொண்டான். வேறு கோல்கீப்பர் கிடையாது. குஸ்மிச் திரும்பி வந்தார்.

போனவர் திரும்பி வந்தால் ஆகாது, கண்ணாடி பார்த்தால்தான் அந்தத் தோஷம் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உடை மாற்றும் அறையின் விரிசல் விழுந்த கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு மைதானத்துக்கு ஓடினார். அன்று அவர் ஆடிய ஆட்டம்! ஒரு பந்தைப் பின்மண்டையால் தடுத்தார்.

இரண்டாவது விழா அடுத்த ஆண்டு. அதே பாண்டு, அதே அழுகை, அதே மான். பத்து நாளில் ரோதியோனுக்கு அம்மை போட்டது. அவன் அக்காள் மகளிடமிருந்து தொற்றியதாம். முகமெல்லாம் அம்மைக்குப் பூசிய பச்சை மருந்துப் புள்ளிகளோடு ஆட வந்து நின்றான். எதிரணிக்காரர்கள் தவளையோடு ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குஸ்மிச் கண்ணாடிக்கு நாக்கை நீட்டினார்.

மூன்றாவது விழாவில் பாண்டுக்காரர்கள் வாசிப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார்கள். அந்த ஏப்ரலில், ஆற்றில் உறைந்திருந்த பனிமேல் மீன் பிடிக்கப் போன ரோதியோன், தான் உட்கார்ந்திருந்த கட்டி மட்டும் தனியே உடைந்து, தூண்டிலும் முக்காலியுமாக அடுத்த மாவட்டத்துக்கு மிதந்து போய்விட்டான். அங்கே யாரோ படகில் போய் இறக்கினார்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அவன் இன்னொரு ஊரின் காவல் நிலையத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலைதான் ஃபைனா அத்தை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது.

அந்த ஆண்டு முழுவதும் குஸ்மிச்சே ஆடினார். செப்டம்பரில் ஒருநாள் ஃபைனா அத்தை கிளப் அலுவலகத்துக்கு வந்தார். நான் துண்டுகளை அடுக்கிக்கொண்டு அங்கே இருந்தேன். குஸ்மிச்சும் இருந்தார், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

"அர்க்காதி ல்வோவிச், ரெண்டு ரயில் டிக்கெட் எடுத்துட்டேன்" என்றார் ஃபைனா அத்தை. "கடைசி ஆட்டம் நடக்குற அன்னிக்கு, சாயங்காலம் ஆறு மணி வண்டி. பெட்டியெல்லாம் முன்னாடியே போயிடுது. இவன் ஏறினா ரெண்டு பேரு போறோம். ஏறலேன்னா நான் ஒருத்தி போறேன். அப்புறம் இவன் இங்கயே நின்னு அந்தக் கம்பத்தைக் கல்யாணம் பண்ணிக்கட்டும்."

"ஃபைனா, ஆட்டம் ஆறு மணிக்குத்தானே முடியும்!" என்றார் குஸ்மிச்.

"எண்பது நிமிஷம் உனக்குத் தர்றேன். கடைசிப் பத்து எனக்கு."

"அடுத்த வண்டியில…"

"அடுத்த வண்டி, அடுத்த வாரம், அடுத்த வருஷம். வெள்ளிக் கிண்ணத்துல டீ குடிச்சுக் குடிச்சு என் உதடே நசுங்கிப் போச்சு ஸவேலி."

அவர் முழுப்பெயரின் முதல் பாதியைச் சொன்னதும் அறையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

அர்க்காதி ல்வோவிச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை எப்போதும் தயாராக இருக்கும். "நல்லபடியா அனுப்பி வெச்சுடறேன் ஃபைனா. பாண்டு சொல்லிடறேன், கம்பளமும்…"

"கம்பளம்னு சொன்னீங்கன்னா கிளப்ப கொளுத்திடுவேன்."

அப்போதுதான் க்லாஷா அத்தை வாளியைக் கீழே வைத்தார். எங்கள் துவைக்கும் அறையின் ராணி அவர். தலைவரே அவரைக் கேட்காமல் ஜன்னல் திறக்க மாட்டார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். மூணு தடவ இந்த மனுஷன அனுப்பினீங்களே, ஒரு தடவையாவது உக்காந்தீங்களா?"

எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு மனுஷன் ஊருக்குக் கிளம்புறப்ப, வீட்டுல இருக்கறவங்க எல்லாம் ஒரு நிமிஷம் வாயப் பொத்திக்கிட்டு உக்காரணும். அப்புறம் அவன் எந்திரிச்சுப் போகணும். பக்கத்துச் சந்தைக்குப் போற கிழவிகூட உக்காந்துட்டுத்தான் போறா. நீங்க என்ன செஞ்சீங்க? நின்னீங்க, கத்தினீங்க, ஊதினீங்க, மேல தூக்கிப் போட்டீங்க. மேல தூக்கிப் போட்டா கீழதான வருவான்?"

அர்க்காதி ல்வோவிச்சின் முகம் வெளுத்தது. கால்பந்துக்காரர்கள் எதை நம்பாவிட்டாலும் இதையெல்லாம் நம்புவார்கள். அவரே ஒருமுறை அணியின் பேருந்துக்குக் குறுக்கே கறுப்புப் பூனை போனதென்று, வண்டியைத் திருப்பி நாலு கிராமம் சுற்றிக்கொண்டு வந்தவர்.

"உக்காரல" என்றார் மெதுவாக. "கடவுளே, நாம உக்காரவே இல்ல!"

"அவரு வீடு எது? அந்த மைதானம்தான்" என்றார் க்லாஷா அத்தை. "வீட்டுல இருக்கற அத்தன பேரும் உக்காரணும். ஒருத்தர் நின்னாலும் கணக்குல வராது. வாசல் தாண்டற வரைக்கும் யாரும் பின்னால கூப்பிடக் கூடாது. அந்தக் கண்ணாடிய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். திரும்பி வர்றதுக்கு வழியே இருக்கக் கூடாது."

குஸ்மிச் மட்டும் சிரித்தார். "நாலாயிரம் பேரையா உக்கார வெப்பீங்க? நான் கத்தியே அவங்க உக்காந்ததில்லையே."

எண்பதாவது நிமிடத்தில் எல்லோரும் உட்கார வேண்டும் என்று ஊர் முழுக்க அறிவிப்பு ஒட்டினார்கள். மைதானத்தின் ஆற்றோரப் பக்கத்தில் உட்காரும் பலகைகளே கிடையாது, போன குளிர்காலத்தில் அவை யார் அடுப்பிலோ போய்விட்டன. அதனால் உட்கார ஏதாவது வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் ரோதியோன் துவைக்கும் அறைக்கு வந்தான். கதவைச் சாத்திவிட்டு, என்னுடைய நீல முக்காலியில் உட்கார்ந்தான். அவன் எப்போது வந்தாலும் அதில்தான் உட்காருவான். பதினெட்டு வயதில் அணிக்கு வந்த நாளிலிருந்து குஸ்மிச்சுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தே வளர்ந்தவன் அவன். உட்காரும் எதைக் கண்டாலும் அவன் முழங்கால் தானாக மடங்கிவிடும். நான் யாரிடமும் பேச மாட்டேன் என்பதால் ஊரில் பாதிப் பேர் என்னிடம் ரகசியம் சொல்வார்கள். நான் ஒரு கிணறு மாதிரி.

"ஸீமா, மீன் டப்பா நிஜமாவே கை தவறினதுதான். ஆனா…"

நான் சட்டையைப் பிழிந்தேன்.

"அம்மை நானா வாங்கினது. அக்கா பொண்ணுக்குப் போட்டிருக்குன்னு கேள்விப்பட்டு ஓடிப்போய் ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தேன். அது பாவம், என் மேல பாசம்னு நெனச்சுக்கிச்சு."

நான் சட்டையை மறுபடி பிழிந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

"ஐஸ் விரிசல் விடறதப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். சத்தம்கூடக் கேட்டுச்சு. எந்திரிச்சிருக்கலாம். எந்திரிக்கல." அவன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். "அந்தக் கோலுக்குள்ள போய் நின்னா அகலமா இருக்கு ஸீமா. தாத்தா நிக்கறப்ப சின்னதா தெரியுது. நான் நின்னா ரெண்டு லாரி ஒண்ணா உள்ள போகும். நாளைக்கு எல்லாரும் உக்காருவாங்களே, நான் உக்கார மாட்டேன். ஒருத்தன் நின்னாலும் கணக்குல வராதுன்னு க்லாஷா அத்தையே சொல்லிட்டாங்க."

போய்விட்டான். அன்றிரவு நான் தூங்கவில்லை. ஃபைனா அத்தையிடம் சொல்ல வேண்டும். அவர் வீட்டுவாசல் வரை போனேன். பெட்டிகளை ஏற்ற லாரி நின்றது. "என்ன ஸீமா?" என்று கேட்டார். நான் அவர் கையில் துவைத்த கையுறைகளைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அவை குஸ்மிச்சின் கையுறைகள்கூட இல்லை.

மறுநாள் ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தது. சமையலறை முக்காலி, வாளி, பால் கேன், குழந்தைகளின் பனிச்சறுக்கு வண்டி. பல் மருத்துவர் தன் நோயாளி நாற்காலியை இரண்டு பேர் உதவியோடு உருட்டி வந்தார். படகுக்காரர், ஆற்றில் விழும் பந்துகளை எடுத்துக் கொடுப்பவர், தன் படகையே கரையேற்றிக் கொண்டுவந்து அதில் குடும்பத்தோடு உட்கார்ந்தார். நான் நீல முக்காலியை எடுத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால், வாடிய சூரியகாந்திகளின் நடுவே நின்றேன்.

குஸ்மிச் அன்று பறந்தார். எனக்கு வேறு சொல் தெரியவில்லை. எதிரணியின் நெட்டையான முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் மூன்று முறை தனியாக வந்தான். மூன்று முறையும் பந்தைக் குஸ்மிச்சிடம் பறிகொடுத்துவிட்டு, கடைசியில் அவருடைய விதைப் பொட்டலத்திலிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டு போனான். எங்கள் அணி ஒரு கோல் போட்டது. ஜனங்கள் கத்திய கத்தலில் ஆற்றோரத்துக் காகங்கள் எல்லாம் மறுகரைக்கு இடம் மாறின.

"தாத்தா, இன்னிக்குப் போவாதீங்க தாத்தா!" என்று யாரோ கூவினார்கள்.

"வாய மூடுறா!" என்று ஃபைனா அத்தையின் குரல் கேட்டது. அவர் வாசல் பக்கம் நின்றிருந்தார். மேல்கோட்டு, ரோஜாப்பூ போட்ட தலைச்சால்வை, கையில் ஒரு சிறு பெட்டி, மற்றொரு கையில் குஸ்மிச்சின் காலணிகள்.

எண்பதாவது நிமிடம் வந்தது. அர்க்காதி ல்வோவிச் ஒலிபெருக்கியில், "கமிஷோவோ மக்களே, உக்காருங்க" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

உட்கார்ந்தார்கள். முதலில் எங்கள் பக்கம் அலை போலத் தாழ்ந்தது, பிறகு ஆற்றோரம். எங்கள் ஆட்டக்காரர்கள் நின்ற நின்ற இடத்தில் புல்லில் உட்கார்ந்தார்கள். எதிரணிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அன்று இரவு நீண்ட பேருந்துப் பயணம் இருந்தது, யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், பந்தைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். குஸ்மிச் கோலின் கோட்டருகே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வழவழவென்று தலை. நாலாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சு நின்றது. ஆனால் யாரும் சத்தம் போடவில்லை.

அவ்வளவு பெரிய அமைதியை நான் கேட்டதே இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முதன்முறையாக ஊரே என்னைப் போல் இருந்தது.

ரோதியோன் மட்டும் நின்றான்.

மாற்று ஆளாக இறங்கியவன், கோலின் நடுவில், புதிய பச்சைச் சட்டையில், இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். குஸ்மிச் அவனைப் பார்த்தார். பக்கத்துப் புல்லைத் தட்டிக் காட்டினார். ரோதியோன் கண்ணைத் திறக்கவில்லை. நடுவர் பந்தின்மேல் உட்கார்ந்தபடியே கையைக் கீழே கீழே என்று ஆட்டினார். எங்கள் ஆட்டக்காரர்கள் ஆட்டினார்கள். பிறகு நாலாயிரம் பேரும் ஆட்டினார்கள், மாவு பிசைவது போல, நாயை உட்காரச் சொல்வது போல, மூச்சுவிடாமல். க்லாஷா அத்தை முஷ்டியை உயர்த்திக் காட்டினார். அர்க்காதி ல்வோவிச் சத்தமில்லாமல் அழுதார். வாசலருகே தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஃபைனா அத்தை யாரையும் பார்க்கவில்லை. ரயில் நிலையம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசினால் போச்சு. கூப்பிட்டால் போச்சு. அங்கே இருந்த யாருக்கும் பேசாமல் ஒரு காரியம் செய்யத் தெரியவில்லை. எனக்கு வேறெதுவும் தெரியாது.

நான் எழுந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டேன். வலையின் ஓரத்தை நிமிர்த்தி உள்ளே நுழைந்தேன். ஊரே என்னைப் பார்ப்பது முதுகில் வெயில் போலச் சுட்டது. ரோதியோனின் பின்னால் போய் நீல முக்காலியை அவன் முழங்கால் மடிப்பில் மெதுவாக இடித்தேன்.

அவன் உட்கார்ந்தான்.

நினைத்து உட்காரவில்லை. முழங்கால் உட்கார்ந்தது, அவன் கூடவே போனான். கண்ணைத் திறந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தான். கோலின் நடுவே முக்காலிமேல், இரு கையையும் முழங்காலில் ஊன்றி, பெஞ்சில் இருப்பது போலவே இருந்தான். இடது கம்பத்தைப் பார்த்தான், வலது கம்பத்தைப் பார்த்தான். உட்கார்ந்து பார்க்கையில் கோல் அவனுக்கு அளவாகத் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டான். நானும் அப்படியே அவன் பின்னால் தரையில் சரிந்து உட்கார்ந்தேன்.

இப்போது நிற்பவர் யாரும் இல்லை. சூரியகாந்திகள்கூடத் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

குஸ்மிச்சின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். முகம் பீட்ரூட் போலச் சிவந்து, கண்ணில் நீர் வழிந்தது. அதைக் கண்ட எதிரணி நெட்டையனுக்கு விதை தொண்டையில் சிக்கியது. நடுவர் பந்திலிருந்து உருண்டு விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நாலாயிரம் பேர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். படகுக்காரரின் படகு தரையில் ஆடியது.

நிமிடம் முடிந்தது.

குஸ்மிச் எழுந்தார். எழும்போது மடியிலிருந்த தொப்பி புல்லில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. போகிற போக்கில் ரோதியோனின் தலையில் ஒரு குட்டு வைத்தார். இடது கம்பத்தைத் தட்டிக்கொடுத்தார். கோட்டோரமாக வாசலை நோக்கி நடந்தார்.

தொப்பியை எல்லோரும் பார்த்தோம். கூப்பிட முடியாது. நாலாயிரம் பேரின் கண்ணும் தொப்பிக்கும் அவருக்கும் இடையே ஓடியது. அக்டோபர்க் காற்று ஆற்றிலிருந்து ஊதத் தொடங்கியது. பாதி தூரத்தில் குஸ்மிச்சின் கை தலைக்குப் போனது. நின்றார்.

எனக்குப் பின்னால் யாரோ "அய்யோ" என்று சொல்லப் போய்த் தன் கையையே கடித்துக்கொண்டார்கள்.

திரும்பினால் எல்லாம் முடிந்தது. கண்ணாடிகூட இல்லை. அவர் பாதம் ஒன்று லேசாகத் திரும்பியது. ஃபைனா அத்தை பெட்டியிலிருந்து எழுந்தார். பெட்டியோடு கணவரின் முன்னால் வந்து, அதைக் கீழே வைத்துவிட்டுத் தன் தலைச்சால்வையை அவிழ்த்தார். அதைக் குஸ்மிச்சின் வழுக்கைத் தலையில் போர்த்தி, மோவாய்க்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டார். காதை உள்ளே தள்ளிவிட்டார். பெரிய பெரிய ரோஜாப்பூக்கள், நடுவே சவரம் செய்யாத முகம்.

குஸ்மிச் ஃபைனா அத்தையைப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். ரோஜாப்பூச் சால்வையோடு, பந்தைப் பிடிக்கப் போவது போல நெஞ்சை நிமிர்த்தி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாசலைத் தாண்டிப் போனார்.